நான் பரிமாறாத தப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. முந்நூறு வார்த்தைதான் கேட்டார்கள்.

கேட்டவள் ஜஸீலா, எங்கள் கம்பெனியின் ஹெச்.ஆர். தொண்டிப் பக்கத்துப் பெண். திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்து நின்றாள். "கனகாக்கா, வெப்சைட்ல ‘எங்கள் ஊழியர்கள் பேசுகிறார்கள்’னு ஒரு பக்கம் போடப் போறோம். நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே. இங்க வேலை பாக்குற அனுபவத்த ஒரு முந்நூறு வார்த்தையில எழுதிக் குடுங்க. நல்லதா எழுதுங்க, என்ன?"

நான் எழுதிய கதைகள் மொத்தம் இரண்டு. ஒன்று கல்லூரி மலரில் வந்தது. இன்னொன்று எங்கேயும் வரவில்லை. ஆனாலும் ‘கதையெல்லாம் எழுதுவீங்களே’ என்று ஒருத்தர் வாய் நிறையச் சொல்லும்போது மறுக்க எனக்கென்ன பைத்தியமா? சரி என்றேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

மடைவாய் டெக்னாலஜிஸ் நிறுவனத்தில் பணிபுரிவதில் நான் மிகுந்த பெருமிதம் கொள்கிறேன். இங்கே நாங்கள் அனைவரும் ஒரே குடும்பமாக

[நிறுத்திவிட்டேன். குடும்பம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் பங்காளிகள் ஒரு வரப்புக்காகப் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. கம்பெனி அதைவிட எவ்வளவோ தேவலாம்.]

இரண்டாவது தொடக்கம்:

ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதில் கல்யாணம் செய்தவர்கள் யாரும் நன்றாக

[இதையும் விட்டேன். மண்டபத்துக்காரர்தான் இன்றைக்கும் எங்களுக்குக் கட்டட உரிமையாளர். வெப்சைட்டைப் படிப்பார்.]

ஆனால் மண்டபம் உண்மை. எட்டு வருடத்துக்கு முன்னால், ஏசி போட்ட புது மண்டபங்கள் வந்து, இதை யாரும் சீந்தாமல் கிடந்தபோது, பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்த காளிராஜ் அண்ணன் வாடகைக்கு எடுத்தார். ஒன்பது பேர், ஒன்பது கம்ப்யூட்டர். அந்த ஒன்பதில் நான் ஒருத்தி. இன்றைக்கு இங்கே மட்டும் முந்நூறு பேர், கமுதிக் கிளையில் நூற்று முப்பது பேர். பந்தி போடுகிற கூடம்தான் வேலை பார்க்கிற கூடம். மணமேடையில் சர்வர் இருக்கிறது. ஏசி முதலில் அதற்குத்தான், எங்களுக்கு அப்புறம்தான். முக்கியமான முடிவெல்லாம் பொண்ணு ரூமில் எடுக்கப்படும். கைகழுவுகிற இடத்தில் வரிசையாக இருபத்திரண்டு குழாய். மத்தியானம் அங்கே டிபன் பாக்ஸ் கழுவப் போனால் மொத்த ஊர்ச் சங்கதியும் காதில் விழும்.

வேலை என்னவென்று கேட்பீர்கள். வானத்திலிருந்து எடுத்த படங்கள் எங்களுக்கு வரும். ஒவ்வொரு படத்திலும் எது தண்ணீர், எது பயிர், எது வெறும் தரை, எது சீமைக்கருவேலம் என்று சுற்றிக் கோடு இழுத்துப் பெயர் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி சொல்லிக்கொடுத்து வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் படிக்கிறது! இதைச் சொல்லும்போது எனக்கு மார் விரியத்தான் செய்கிறது. விரியட்டும், என்ன இப்போது?

2

வெள்ளிக்கிழமைப் பந்தியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் கம்பெனியைப் பற்றி எதுவும் சொன்னதாகாது.

ஆரம்பித்த முதல் மாதம், காளி அண்ணன் ஒரு கிளையன்டுக்கு வேலை முடிந்த படங்களை அனுப்புகிறேன் பேர்வழி என்று, தன் மகளின் காதுகுத்துப் படங்களை அனுப்பிவிட்டார். நூற்றெண்பது படம். தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்டு அழுகிற படம் உட்பட. அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவராகவே சொன்னார். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியது. சிரித்து முடித்தபின் அவர் சொன்னார்: "நான் சொன்னதால உங்களுக்குத் தெரிஞ்சது. சொல்லாம மறைச்சிருந்தா நாளைக்கு உங்கள்ல ஒருத்தரும் எங்கிட்டச் சொல்ல மாட்டீக. இனிமே வாராவாரம் இப்பிடி உக்காருவோம்."

அப்படித்தான் அது வழக்கமானது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் தரையில் பந்தியாக உட்கார வேண்டும், காளி அண்ணன் உட்பட. யாரும் எழுந்து நிற்கக் கூடாது. அந்த வாரம் செய்த தப்பைச் சொல்வதற்குப் ‘பரிமாறுவது’ என்று பெயர். சொல்லி முடித்தவர், இலையில் போதும் என்று கையை வைத்து மறிப்பதுபோல், தரையில் உள்ளங்கையை வைப்பார். அதோடு விஷயம் முடிந்தது. யாரும் புத்தி சொல்லக் கூடாது, அடுத்த நாள் குத்திக்காட்டக் கூடாது. கிளையன்ட் கண்டுபிடிப்பதற்குள் பந்தியில் சொல்லப்பட்ட தப்பு, யாருடைய ஃபைலிலும் ஏறாது.

இன்னொரு விதியும் உண்டு. உன் தப்பை மட்டும்தான் நீ பரிமாறலாம். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது. ‘அவர் சொல்லித்தான் செய்தேன்’ என்பதும் அடுத்தவர் தப்பில்தான் சேரும். இந்த விதியைக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். கோள் சொல்கிற இடமாகப் பந்தி ஆகிவிடக் கூடாது என்று அன்றைக்கு நீட்டி முழக்கிப் பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

* திருப்பாலைக்குடி இமானுவேல் கடல் படங்கள் பார்க்கிறவன். படகுகளுக்கு வகை போடச் சொன்னால், ஒரே ஒரு படகுக்கு மட்டும் ‘சின்ன மாமா போட்டு’ என்று எழுதி அனுப்பிவிட்டான். மறுநாள் பந்தியில் அவனே பரிமாறினான். "என்ன பண்றது, பாத்ததும் தெரிஞ்சுபோச்சு" என்றான். இன்றுவரை படத்தில் பெரிய படகு வந்தால் நாங்கள் அதைச் சின்ன மாமா என்றுதான் சொல்கிறோம்.

இதுவரை எழுதியதிலேயே முந்நூறு வார்த்தை தாண்டிவிட்டது. இங்கேயே நிறுத்திக் கொடுத்திருந்தால் ஜஸீலா சந்தோஷமாக வாங்கிப் போயிருப்பாள். நிறுத்த முடியவில்லை. அதற்குக் காரணம் முத்தழகு.

3

கதாபாத்திரத்தை அறிமுகம் செய்ய வேண்டிய இடம் இது.

முதல் வரைவில் அவளை ஒல்லியானவளாக, கூச்ச சுபாவம் உள்ளவளாக, தலையைக் குனிந்தே பேசுகிறவளாக எழுதினேன். அத்தனையும் பொய். முத்தழகு கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. சேர்ந்த மூன்றாம் நாளே காளி அண்ணனிடம், "இந்த நாற்காலி ஆடுது, வேற குடுங்க" என்று கேட்டு வாங்கியவள். ஏழை வீட்டுப் பெண் கூச்சப்பட்டால் கதை எழுதுகிறவளுக்கு வசதி. அதற்காகச் சேர்த்தது. எடுத்துவிட்டேன்.

உண்மை இவ்வளவு: வயது இருபத்திரண்டு, பி.ஏ. வரலாறு. எங்கள் ஊர்க்காரிதான். அவளுடைய அப்பா சோணைமுத்து என்னைப் பெற்ற அய்யாவின் வயலில் வேலை செய்கிறார். அம்மா மிளகாய் பறிக்க வருவார். முத்தழகும் பள்ளிக்கூட லீவில் வந்திருக்கிறாள். ஊருக்குள் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வாசலுக்கு வந்தால் தொண்டையைச் செருமுவாள். நாங்கள் திரும்பிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

கம்பெனியில் சார், மேடம் கிடையாது. அவள் சேர்ந்த அன்று, "கனகான்னே கூப்புடு, இங்க அதான் வழக்கம்" என்றேன். ஒரு நாள் முழுக்க அதை யோசித்தாள் போல. மறுநாள் காலை கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தமாக, "அக்கா!" என்றாள். அந்த ஒரு ‘அக்கா’வுக்காக இந்தக் கம்பெனியைப் பற்றி எத்தனை முந்நூறு வார்த்தை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

அவள் என் குழுவில் படம் பார்க்கிறாள். அவள் முடித்ததை நான் சரிபார்க்கிறேன். நூற்றுக்கு ஒரு படம் மட்டும் எடுத்துப் பார்ப்பேன். பார்க்காத படத்தில் தப்பு இருந்தால் அது கோடு இழுத்தவரின் பொறுப்பு.

புரட்டாசி மாதத்தோடு அவளுடைய ஆறு மாத ப்ரொபேஷன் முடிகிறது. வேலை உறுதியானவர்களின் லிஸ்ட் இந்த வியாழக்கிழமை வரும். கிளையன்ட் கொடுத்த புகார் ஒன்று ஃபைலில் இருந்தால் அந்த லிஸ்ட்டில் பெயர் வராது. பெயர் வராவிட்டால், தை பிறந்ததும் எங்கள் அய்யாவின் மிளகாய்க் காட்டில் அவள் கூடையோடு நிற்பாள். இந்தக் கதையில் கிடைக்கவோ இழக்கவோ இருப்பது இது ஒன்றுதான்.

4

போன வாரம் புதன்கிழமை கிளையன்டிடமிருந்து கடிதம் வந்தது. வறட்சியைக் கணக்கிடுகிற வெளிநாட்டுக் கம்பெனி அது. கோடையில் எடுத்த எங்கள் மாவட்டப் படங்களில் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களில் வெறும் தரையைத் தண்ணீர் என்று குறித்திருக்கிறோமாம். பெரிய பெரிய இடங்கள். ஏன் என்று கேட்டிருந்தார்கள்.

பொண்ணு ரூமில் பெரிய திரையில் படத்தைப் போட்டதும், எங்களில் நாலு பேருக்கு உடனே தெரிந்துவிட்டது. அது தரை இல்லை, கண்மாய். வில்லாக வளைந்த கரை, கரையை ஒட்டி மடை, மடைக்குக் கீழே வயல். வெடித்துக் கிடக்கிறது, குறுக்கே ஆடு நடந்த தடம் இருக்கிறது, இருந்தாலும் கண்மாய் கண்மாய்தானே? ஐப்பசி கார்த்திகையில் பார்த்தால் அக்கரை தெரியாமல் தண்ணீர் கிடக்கும். இந்த ஊரில் பிறந்தவர் கண்ணுக்கு அது தண்ணீர் இருக்கிற இடம்தான். வேறு ஊரில் எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

ஆனால் எங்கள் வேலையின் முதல் பாடம், படத்தில் தெரிவதை மட்டும் குறி என்பது. தெரிந்தது தரை. குறித்தது தண்ணீர். வறட்சியைக் கணக்குப் பார்க்கிறவர்களிடம், வறண்ட இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம். அதை நம்பி ஒரு நிவாரணம் நின்றுபோனால், அடி விழுவது எங்கள் ஊர்க்காரன் வயிற்றில்தான்.

அறுநூற்றுப் பன்னிரண்டும் முத்தழகு பார்த்த படங்கள்.

* தண்ணீர் என்று குறித்த கண்மாய்ப் படங்களில் சரிபார்த்தவளாக என் பெயர் பதினொன்றில் இருந்தது. பதினொன்றும் தண்ணீர் மிஞ்சியிருந்த கண்மாய்கள், ஆகவே சரி. நான் பார்க்காத படங்களில்தான் தப்பு என்று முடிவானது. எனக்கு மூச்சு வந்தது. இதை வெப்சைட்டில் போட மாட்டார்கள்.

5

வெள்ளிக்கிழமை. நாலு மணி. பந்தி.

இமானுவேல் எதையோ பரிமாறினான், சிரித்தோம். கமுதிக் கிளையிலிருந்து வந்திருந்த மலையாண்டி ஒன்று பரிமாறினார். பிறகு முத்தழகு பேசினாள். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, சத்தமாக.

"அறுநூத்திப் பன்னெண்டு படம். தண்ணி இல்லாத கம்மாயத் தண்ணின்னு போட்டேன். மொத படத்துல சந்தேகம் வந்துச்சு. ஒரு தடவ கேட்டேன். அதுக்கப்புறம் கேக்கல, பழகிருச்சு. கேட்டுருக்கணும். அது ஏந் தப்பு."

தரையில் உள்ளங்கையை வைத்தாள்.

யாரிடம் கேட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது, விதி. நான் முழக்கிக் கொண்டுவந்த விதி.

காளி அண்ணன் வழக்கம்போல் மூன்று தடவை கேட்டார். "இன்னும் யாரும் பரிமாறணுமா?" சிலர் எழுந்திருக்கத் தயாரானார்கள். "யாரும் பரிமாறணுமா?" என் கை மடியில் இருந்தது. "கடேசியாக் கேக்குறேன், யாரும்" என்று அவர் சொல்லும்போது நான் வாயைத் திறந்து

[இந்த வாக்கியத்தை ஏழு விதமாக முடித்துப் பார்த்தேன். ஏழிலும் நான் பேசுகிறேன். நடந்தது, வாயைத் திறந்து கொட்டாவி விட்டேன். வெட்கக்கேடு! கொட்டாவி வரவில்லை, வரவழைத்தேன்.]

பந்தி கலைந்தது.

6

இங்கே எழுத்தாளராகப்பட்டவள் வாசகருக்கு முடிவுகள் சிலவற்றைக் காட்டலாம். துணிக்கடையில் எடுத்துப் போடுவதுபோல் போடுகிறேன், பாருங்கள்.

முதல் முடிவு. கிளையன்டிடமிருந்து இன்னொரு கடிதம். ‘மன்னிக்கவும், எங்கள் கணிப்பு தவறு. உங்கள் ஊழியரின் மண்ணறிவு எங்கள் கணினியை வென்றுவிட்டது. அவரைப் பாராட்டுங்கள்.’ கைதட்டல், மாலை, எல்லார் கண்ணிலும் நீர். ஜஸீலாவுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அப்படிக் கடிதம் வரவில்லை. வராது. அந்த மாதம் அந்தக் கண்மாயில் ஒரு குடம் தண்ணீர் கிடையாது. வெள்ளைக்காரன் சொன்னது சரி.

இரண்டாம் முடிவு. பந்தியில் நான் கணீரென்று பேசுகிறேன். உண்மையைச் சொல்கிறேன். முத்தழகு விம்மி அழுது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இதை நானே மூன்று தடவை படித்துப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. முத்தழகு விம்ம மாட்டாள். நான் பேசவுமில்லை.

மூன்றாம் முடிவு. வியாழக்கிழமை லிஸ்ட் வருகிறது, அவள் பெயர் இல்லை. அதே லிஸ்ட்டில் சரிபார்ப்புப் பிரிவின் தலைமைக்கு என் பெயர் இருக்கிறது.

ஆமாம். அந்தப் பதவிக்கும் வியாழக்கிழமைதான். இதை மூன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருடத்தில் என் பெயரில் ஒரு புகார் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். அய்யா டீக்கடையில் சொல்கிறார். "எம்மக பாத்த வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாதுப்பா" என்று.

7

சரி, எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

ஆவணி மாதம். வெறுங்கண்மாய்ப் படம் முத்தழகுக்கு முதல்முதலாக வந்த நாள். நான் என் இடத்தில் வேறு வேலையாக இருந்தேன். அவள் தன் இடத்திலிருந்து, "அக்கா, இதத் தண்ணின்னு போடவா, தரைன்னு போடவா?" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்க்காமலேயே, "கம்மாய்டி அது. தண்ணின்னு போடு" என்றேன்.

அவள் போட்டாள். அடுத்த கண்மாய்க்கும் போட்டாள், அதற்கடுத்ததற்கும் போட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டாகும்வரை போட்டாள். அவள் கேட்ட அந்த ஒரு தடவை, என்னிடம் கேட்டது.

இதுதான் நான் பரிமாறாத தப்பு. கவனக்குறைவு, அவ்வளவுதான் என்று எழுதி முடித்தேன். மனம் லேசானதுபோல் இருந்தது. நல்ல கதையாக வந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பில்தான் அதை முத்தழகிடம் படிக்கக் கொடுத்தேன்.

8

நேற்று, புதன்கிழமை மத்தியானம். கைகழுவுகிற இடம். அவள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினாள். நின்றுகொண்டே படித்தாள். காதுகுத்துப் படத்துக்குச் சிரித்தாள். தன்னைப் பற்றி வந்த இடத்தில் சிரிக்கவில்லை. முழுக்கப் படித்தாள். நான் பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் நின்றேன்.

"நல்லாருக்குக்கா" என்றாள். "ரெண்டு எடத்துல தப்பு இருக்கு."

"எங்கன?"

"ஏழாவதுல. திரும்பிப் பாக்காமச் சொன்னேன்னு எழுதியிருக்கீக. அப்பிடி இல்ல. எந்திரிச்சு வந்தீக."

"நான் எந்திரிச்சா வந்தேன்?"

"ஏஞ் சீட்டுக்குப் பின்னால வந்து நின்னீக. திரையில வெரல வச்சு, ‘இந்தா பாரு, இதான் நம்ம கம்மா, இதான் எங்க மடை, இதுலதான் எங்க அய்யா மொத தண்ணி பாச்சுவாரு’ன்னீக. இமானுவேல் அண்ணனக் கூப்புட்டுக் காட்டுனீக. ஜஸீலாக்காவக் கூப்புட்டீக. அவுக பாத்துட்டுப் போனப்பறம் நான் கேட்டேன், ‘அக்கா, காஞ்சுல்ல கெடக்கு, தரைன்னு போடவா’ன்னு. அதுக்கு நீங்க என்ன சொன்னீக?"

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கைகழுவுகிற இடத்தில் இருபது பேர் இருந்தார்கள்.

"சொல்லட்டா?" என்றாள் முத்தழகு.

"வேணாம். நானே சொல்றேன்."

நான் சொன்னது இது: "போடி இவளே! நம்ம கம்மாய வெறுங்கம்மான்னு வெள்ளைக்காரனுக்குக் காட்டவா? தண்ணின்னு போடு."

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வெடித்துக் கிடந்ததைப் பார்த்தேன், ஆட்டுத் தடத்தைப் பார்த்தேன். வானத்திலிருந்து எங்கள் கண்மாயை முதல்தடவை பார்த்த பெருமையில், அதைக் காலியாகக் காட்ட மனசு வரவில்லை. விருந்தாளி வரும்போது வீட்டில் அரிசி இல்லை என்று சொல்ல வராதில்லையா, அப்படி. கவனக்குறைவு என்று எழுதியது இரண்டாவது பொய். கவனமாகத்தான் செய்தேன்.

"இன்னொரு தப்பு?" என்று கேட்டேன்.

"அத நானே எழுதுறேன். கடைசில கொஞ்சம் எடம் விடுங்க" என்றாள். "மொதல்ல நீங்க போக வேண்டிய எடத்துக்குப் போங்க."

போனேன். பொண்ணு ரூமில் காளி அண்ணனும் ஜஸீலாவும் லிஸ்ட்டைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டவில்லை. "முத்தழகு கேட்டது எங்கிட்டதான்ணே. நான் வந்து, பாத்து, தெரிஞ்சே தண்ணின்னு போடச் சொன்னேன். அவ தரைன்னுதான் சொன்னா" என்றேன். கணீரென்று எல்லாம் இல்லை.

காளி அண்ணன் லிஸ்ட்டைக் கீழே வைத்தார். "பந்தில மூணு தடவ கேட்டனே."

"கேட்டீக."

"கொட்டாவி விட்ட."

"விட்டேன்."

"எட்டு வருசமாச்சு, கனகா. இந்தப் பந்திக்குக் கோள் சொல்லக் கூடாதுன்னு விதி போட்டவளே நீதான்." அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "என்னைய ரூமுக்குள்ள வந்து பாத்துச் சொன்னது சரி. ஆனா அந்தப் புள்ள முந்நூறு பேரு முன்னால சொல்லுச்சு."

"வெள்ளிக்கிழம சொல்றேன்ணே. முந்நூறு பேரு முன்னாலயும்."

அவர் ஜஸீலாவைப் பார்த்தார். ஜஸீலா லிஸ்ட்டை எடுத்து மடித்தாள். "வியாழக்கிழமை போட வேண்டாம்ணே. பந்தி முடியட்டும். சனிக்கிழமை போடுறேன், இன்ஷா அல்லாஹ்." பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு பேர் பேரையும் புதுசா யோசிக்கணும்க்கா" என்றாள்.

* அந்தப் பதவி வந்தாலும் வராவிட்டாலும், முத்தழகு வெள்ளிக்கிழமை பேசியதைக் கேட்டவள் நான். என் குழுவில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கிற பெருமையை எந்த லிஸ்ட்டும் எடுத்துவிட முடியாது. வெப்சைட்டில் இதைப் போடலாம், ஜஸீலா.

இன்று வியாழன். நாளை பந்தி. ஆகையால் இந்தக் கதைக்கு இன்றைக்கு முடிவு கிடையாது. கேட்டபடியே இடம் விட்டிருக்கிறேன். கீழே வருவதில் நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

9

அக்கா ஒம்பதுன்னு நம்பரப் போட்டுட்டு எந்திரிச்சுட்டாக. எப்பிடி எழுதணும்னு சொல்லல. பேசுறாப்புலயே எழுதுறேன்.

மூணாவதுல ஒரு தப்பு இருக்கு. லிஸ்ட்டுல பேரு வராட்டி நான் அவுக மொளகாக் காட்டுல கூடையோட நிப்பேன்னு இருக்கு. கத முழுக்க அதவச்சுத்தான் ஓடுது. அக்கா சொன்னா நான் பொழைப்பேன், சொல்லாட்டி காட்டுக்குப் போயிருவேன், அப்பிடி. படிக்கிறப்ப எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. யாரக் கேட்டு எழுதுனாக? எங்கிட்டக் கேக்கல. எங்க அய்யாகிட்டயும் கேக்கல.

ஆறு மாசத்துல நாப்பத்தோராயிரம் படம் பாத்திருக்கேன். அதுல தப்பு அறுநூத்திப் பன்னெண்டு. மிச்சம் நாப்பதாயிரத்துச் சொச்சம் சரி. அத ஒருத்தரும் கதைல எழுதல. அறுநூத்திப் பன்னெண்டுல நானூறத் திருத்தியாச்சு, மிச்சத்த நாளைக்குப் பந்திக்குள்ள முடிச்சிருவேன். வேல தெரிஞ்சவளுக்கு மதுரைல வேல இருக்கு, கோயமுத்தூர்ல இருக்கு. ரெண்டு எடத்துக்கு எழுதியும் போட்டிருக்கேன். இங்கனதான் எனக்குப் புடிச்சிருக்கு, இந்த மண்டபம் புடிச்சிருக்கு, அதுனால பேரு வரணும்னு ஆசையா இருக்கு. வராட்டி அழுகை வரும். ரெண்டு நாள் அழுவேன். அக்கா எழுதுனாப்புல விம்ம மாட்டேனான்னு கேட்டா, வீட்டுக்குள்ள விம்முவேன்.

நாளைக்கு அக்கா பரிமாறுவாக. நான் எதுத்தாப்புல உக்காந்து கேப்பேன். அக்கா மேல கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ரூமுக்குள்ள போனத நான் பாத்தேன். தட்டாமப் போனாக.

அதுக்கு மேல எனக்கும் தெரியாது. படிக்கிறவுக நீங்க எப்பிடி வேணாலும் முடிச்சுக்கங்க. பேரு வந்துச்சுன்னு முடிங்க, வரலன்னு முடிங்க, நான் பஸ் ஏறிப் போயிட்டேன்னு முடிங்க. அந்தக் காட்டுல மட்டும் என்னயக் கொண்டுபோயி நிப்பாட்டாதீக.